பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடிச்சிட்டு எம்.ஏ. வரலாறு போகலாமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வைகைப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். மதுரைல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கடைசி வருஷம் படிக்கிறேன், மார்க் ஓரளவு நல்லாவே இருக்கு, ஆனா எனக்கு எம்.ஏ. ஹிஸ்டரி படிக்கணும்னு ஆசை. மாங்குளம் மலைக்குப் போயிருந்தப்ப அந்தத் தமிழி (ரொம்பப் பழைய தமிழ் எழுத்து) கல்வெட்ட நேர்ல பார்த்தேன், பாண்டிய ராஜா நெடுஞ்செழியன் பேரு அதுல இருக்குன்னு கூட வந்த சார் விரல் வச்சு காட்டினாங்க, அப்போலருந்து இதுதான் மண்டைல ஓடிட்டே இருக்கு. வீட்ல எம்.எஸ்சி., பி.எட். போ, டீச்சர் வேலையாச்சும் கிடைக்கும், ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப் போறன்னு கேக்குறாங்க. வேற மேஜர் படிச்சவங்களுக்கு சீட் தருவாங்களா, அப்புறம் பிஎச்.டி. போனா காசுக்கு என்ன வழி, நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல சமாளிக்க முடியுமா? ப்ளீஸ் கொஞ்சம் சொல்லுங்க.

மலைக்கோட்டை_சரவணன்:
சீட் கிடைக்கும்மா, அதுல பயப்படாதீங்க. சென்ட்ரல் யுனிவர்சிட்டி பலதுல எம்.ஏ. ஹிஸ்டரிக்கு எந்த டிகிரி இருந்தாலும் போதும், ஜே.என்.யு. ஹைதராபாத் பாண்டிச்சேரி எல்லாம் சி.யு.இ.டி. பி.ஜி.ங்கிற பொது நுழைவுத் தேர்வு ஸ்கோர் வச்சுத்தான் எடுக்குறாங்க, அதுல 75 கேள்வி, தப்புக்கு ஒரு மார்க் போகும், கேள்வி இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான் வரும்.

ஆனா ஒண்ண இப்பவே வீட்ல தெளிவா பேசிருங்க. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) வழியா பி.ஜி. அசிஸ்டென்ட், அதாவது ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ டீச்சர் ஆகணும்னா யு.ஜி.யும் பி.ஜி.யும் ஒரே பாடத்துல இருக்கணும்னு கேப்பாங்க, கிராஸ் மேஜர்னு சொல்லி சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல நிறுத்தி வச்சவங்கள எனக்கே தெரியும், பரீட்சைல நல்ல மார்க் எடுத்தும் வெளிய வந்தாங்க. பழைய நோட்டிபிகேஷன் ஒண்ண எடுத்து தகுதி பகுதிய ஒருதடவ முழுசா படிங்க. அதனால ப்ளஸ் டூ டீச்சர் வேலைதான் குறின்னா இந்தப் பாதை வேணாம். காலேஜ் லெக்சரர், ஆராய்ச்சி, தொல்லியல் துறை, யு.பி.எஸ்.சி. இதெல்லாம் மனசுல இருந்தா தாராளமா வாங்க.

காசு விஷயம்: நெட்ங்கிற தேசிய தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப்., அதாவது ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிட்டீங்கன்னா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000, அப்புறம் 42,000, அதுக்கு மேல எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப் படி), மொத்தம் அஞ்சு வருஷம் வரைக்கும். நெட்ல நெகட்டிவ் மார்க் கிடையாது. நீங்க பி.சி., எம்.பி.சி.னா சென்ட்ரல் பார்மட்ல ஓ.பி.சி. நான் கிரீமி லேயர் (வசதி வரம்புக்குள்ள இருக்கோம்னு சொல்ற) சர்டிபிகேட் தனியா வாங்கணும், நம்ம ஊர் கம்யூனிட்டி கார்ட மட்டும் வச்சு அப்ளை பண்ண முடியாது, கடைசி நேரத்துல இ-சேவைக்கு ஓடி தேதிய விட்டவங்க நிறைய பேரு.

பழையதாள்:
சரவணன் அண்ணே சொன்னது எல்லாம் சரி, நான் படிப்பு எப்படி இருக்கும்னு மட்டும் சொல்றேன். நான் இப்போ பிஎச்.டி.ல இருக்கேன் தங்கச்சி. பி.ஏ.ல மாதிரி மன்னர் பேரு, போர், வருஷம்னு மனப்பாடம் பண்றது எம்.ஏ.ல பெருசா உதவாது, இது உனக்கு எப்படி தெரியும்னு கேக்குறதுதான் மொத்தப் படிப்பே. ஒரு உதாரணம் சொல்றேன். ஜப்பான்லருந்து வந்த வரலாற்று ஆய்வாளர் நொபோரு கராஷிமா 1966ல திருச்சி பக்கத்துல இருக்குற அல்லூர், ஈசானமங்கலம்னு ரெண்டே ரெண்டு ஊர எடுத்துக்கிட்டாரு. அந்த ஊர்களோட சோழர் கால கல்வெட்டுகள்ல நிலத்த விக்கிறது யாரு, தனி ஆளா இல்ல ஊராரா சேர்ந்தான்னு ஒவ்வொண்ணா பார்த்தாரு. பிரம்மதேயமான, அதாவது பிராமணர்களுக்குத் தானமா குடுத்த ஊரான ஈசானமங்கலத்துல தனி ஆளுங்க பேர்ல நிலம் இருக்கு, அல்லூர்ல ஊரே சேர்ந்து வச்சிருக்கு. சோழ நாட்டுல நிலம் யாருக்குச் சொந்தம்னு பொதுப்படையா பேசிட்டு இருந்த விவாதமே இதுக்கப்புறம் வேற மாதிரி ஆச்சு. பின்னாடி அவரும் கல்வெட்டு ஆய்வாளர் சுப்பராயலு சாரும் ஜப்பான்காரர் மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுல வர்ற ஆள் பேரெல்லாம் தொகுத்து மூணு வால்யூமா போட்டாங்க, 1978ல, அதுவும் உங்க மதுரைலருந்துதான் வந்துச்சு. லேப்ல ரீடிங் எடுத்து டேபிள் போட்டுப் பழகின உனக்கு இந்த மாதிரி வேலை ரொம்ப நல்லா வரும், உன் கெமிஸ்ட்ரி வீணாப் போகும்னு யாராச்சும் சொன்னா நம்பாத.

இங்கிலீஷ் பத்தி: எழுதுறது மெதுவா வந்துரும், வாசிக்கிறதுதான் முதல் செமஸ்டர்ல திணறும், ஒரு வாரத்துக்கே கட்டுரை கட்டுரையா குடுப்பாங்க. ஆனா நல்லா தமிழ் வாசிக்கத் தெரியுறது இந்தத் துறைல பெரிய பலம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல இருக்குற பழைய பத்திரிகையும் சின்னச் சின்னப் பிரசுரங்களும் முக்கால்வாசி தமிழ்ல, அத சரளமா வாசிக்க முடியாமலே தமிழ்நாட்டப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்களும் இருக்காங்க. எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் எம்.ஏ. படிக்கும்போதே லெட்டர் வாங்கிட்டுப் போயிரு. அங்க இன்டெக்ஸ்ல துறை, வருஷம் பார்த்து ஜி.ஓ. (அரசாணை) நம்பர் எழுதிக் குடுத்தா கட்டு எடுத்துட்டு வருவாங்க, வெறும் உத்தரவுன்னு நினைச்சுப் பிரிச்சா உள்ள ஒரு ஊர்க்காரங்க போட்ட மனு, அதுக்குக் கீழ கலெக்டர் எழுதின குறிப்புன்னு வரிசையா இருக்கும், தாள் ஓரமெல்லாம் உதிரும், பக்கத்த திருப்பவே பயமா இருக்கும். எனக்கு தீசிஸ் டாபிக்கே அப்படி ஒரு கட்டுலருந்துதான் கிடைச்சுது.

தென்னங்கீற்று:
நான் தனியார் காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்குறேன். சம்பளம் குறைவு, கெஸ்ட் லெக்சரர் நிலைமை அத விட மோசம், வருஷக் கணக்கா பர்மனன்ட் ஆகாம இருக்காங்க, இத மறைச்சு யாரும் உங்களுக்கு சொல்லக் கூடாது. அதனால நான் சொல்றது, கரஸ்ல (அஞ்சல் வழில) பேருக்கு ஒரு எம்.ஏ. வாங்கி வைக்காதீங்க, போனா நல்ல லைப்ரரியும் நல்ல டீச்சரும் இருக்குற இடத்துக்கு ரெகுலர்ல போங்க. உங்களுக்குக் கல்வெட்டுதான் ஆசைன்னா நம்ம மாநிலத் தொல்லியல் துறை நடத்துற ரெண்டு வருஷ டிப்ளமோவும் இருக்கு, எம்.ஏ. முடிச்சிட்டு அதுக்கும் போடலாம், கல்வெட்டு வாசிக்கிறதையும் படியெடுக்கறதையும் அங்க கையால பழக்குவாங்க, வட்டெழுத்துங்கிற பழைய எழுத்த வாசிக்கத் தெரிஞ்ச ஆளு இப்போ ரொம்பக் குறைஞ்சு போச்சு, அந்த இடத்துக்கு உங்கள மாதிரி பிள்ளைங்க கண்டிப்பா வேணும்.

வைகைப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. டி.ஆர்.பி. விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது, அப்பாகிட்ட அத சொல்லித்தான் பேசப் போறேன். பழையதாள் அக்கா, சி.யு.இ.டி.க்கு இப்போலருந்து என்ன வாசிக்கலாம்?

பழையதாள்:
முதல்ல ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் என்.சி.இ.ஆர்.டி., கூடவே போன வருஷ கேள்வித்தாள். நம்ம ஸ்டேட் போர்டு பதினொண்ணாவது ஹிஸ்டரி புக்கும் நல்லா இருக்கு, தென்னிந்தியா பகுதிய அதுல படி. மீதிய இன்பாக்ஸ்ல கேளு, என்கிட்ட இருக்குற நோட்ஸ ஸ்கேன் பண்ணி அனுப்புறேன்.