45 நாள் குழந்தைக்கு ஷன்ட் அறுவை சிகிச்சை: ஆபத்து எவ்வளவு?

கேள்வி:
எங்கள் மகனுக்கு இதயத்தின் வலது கீழறை வளரவில்லை என்றும், நுரையீரலுக்குப் போகும் இரத்தம் மிகக் குறைவு என்றும் எக்கோவில் தெரிந்தது. அழும்போது அவன் உதடுகள் நாவற்பழம் தின்றதைப் போலக் கறுத்துவிடுகின்றன. இப்போது பி.டி. ஷன்ட் (நுரையீரலுக்கு இரத்தம் கொண்டுபோகும் செயற்கைக் குழாய்), சில மாதங்களில் கிளென் (மேலுடலின் இரத்தத்தை நேராக நுரையீரலுக்குத் திருப்பும் சிகிச்சை), பிறகு மூன்று வயதையொட்டி ஃபான்டன் (கீழுடலின் இரத்தத்தையும் அப்படித் திருப்பும் சிகிச்சை) என்கிறார்கள். முதல் சிகிச்சை குறையைச் சரிசெய்யாது என்றால், இந்தப் பிஞ்சு உடம்பில் ஏன் கத்தி வைக்க வேண்டும்? நேரடியாகக் கிளென் செய்யக் கூடாதா?

பதில் 1 (குழந்தைகள் இதயப் பிரிவுச் செவிலியர்):
ஐயா, கிளென் சிகிச்சையில் மேலுடலின் இரத்தம் இதயத்தின் உந்துதல் இல்லாமல் தானாகவே நுரையீரலுக்குள் செல்ல வேண்டும். பிறந்த முதல் வாரங்களில் நுரையீரல் இரத்தக்குழாய்களின் எதிர்ப்பு அதிகம் என்பதால் அது நடக்காது. அந்த எதிர்ப்பு குறையும்வரை உயிரைத் தாங்கவும் நுரையீரல் தமனிகள் வளரவும்தான், கைக்குச் செல்லும் தமனியிலிருந்து நுரையீரல் தமனிக்குப் பெரும்பாலும் 3.5 மி.மீ. அகலமுள்ள கோர்-டெக்ஸ் என்ற செயற்கைப் பொருளாலான குழாயை வைத்துத் தைக்கிறார்கள். 1944இல் பால்டிமோரில் அறுவை மருத்துவர் பிளாலாக், குழந்தைகள் இதய மருத்துவர் டாசிக், ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ் ஆகியோர் 15 மாதக் குழந்தை ஒன்றுக்குக் காட்டிய வழியின் இன்றைய வடிவம் இது.

ஆபத்தை மறைக்க மாட்டேன். குழாய் அடைத்துக்கொண்டால் சில நிமிடங்களில் நிலைமை கைமீறும். இரத்தம் மிகுதியாகப் பாய்ந்தால் நுரையீரல் நிரம்பி, இதயத் தசைக்கும் குடலுக்கும் போக வேண்டியது குறையும். அமெரிக்காவில் இந்த ஷன்ட் வைக்கப்பட்ட 1273 பச்சிளங்குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு ஏழு குழந்தைகள் வீடு திரும்பவில்லை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முதல் 24 மணி நேரத்திலேயே இறந்தார்கள். மூன்று கிலோவுக்குக் குறைந்த எடை ஆபத்தைக் கூட்டியது. உங்கள் மகன் முதல் மாதத்தைக் கடந்துவிட்டது நல்லதே.

பதில் 2 (ஒரு தாய்):
எங்கள் மகளுக்கு இரண்டாம் மாதத்தில் ஷன்ட் வைத்தார்கள். தினமும் அவள் கால் பெருவிரலில் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரைச் சுற்றி, சிவப்பு வெளிச்சம் நிலைக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்து, காலண்டர் தாளில் எழுதி வைப்பேன். 75 முதல் 85 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தார்கள். ஒருநாள் வயிற்றுப்போக்கு வந்தது. உடலில் நீர் வற்றினால் குழாயில் இரத்தம் உறையக்கூடும் என்பதால் அன்றிரவே மருத்துவமனையில் சேர்த்தோம். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த ஆஸ்பிரினை ஒரு வேளைகூட விடவில்லை. ஆறாம் மாதம் கிளென் முடிந்தது. ஃபான்டனுக்குக் காத்திருக்கிறோம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. மகனின் எடை 3.6 கிலோ. ஸ்டென்ட் (இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தே சமாளிக்கலாம் என்று ஓர் உறவினர் சொல்கிறார், சரியா?

பதில் 1:
மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்தபடி கருவிலிருந்தே உள்ள டக்டஸ் குழாய் இன்னும் மூடாமல், ஸ்டென்ட் நுழையும் வடிவில் இருந்தால் மட்டுமே அது முடியும். எக்கோ அறிக்கையில் அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நாளைக்கே மருத்துவரிடம் கேளுங்கள்.