மறு: இண்டஸ்ட்ரியல் ஃபயர்வோல் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ஆலை இயந்திரங்களை ஆளும் வலையமைப்புக்குள் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் பெட்டிதான் இண்டஸ்ட்ரியல் ஃபயர்வோல். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> கைத்தொழில் தீச்சுவர் என்றே வைக்கலாமே? இலங்கையில் அரச வழக்கும் அதுதானே.

அரச வழக்கு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் கடல் தாண்டினால் கைத்தொழில் என்பது பாய் இழைப்பதும் பானை வனைவதும். மதுரையில் ஒருவர் இதைப் படித்துவிட்டு, தறிக்கு எதற்குத் தீச்சுவர் என்று கேட்பார்.

> அப்படியானால் இயக்கத் தீச்சுவர்?

நான் மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 'இயக்கம்' என்றதும் இங்கே யாருக்கும் இயந்திரம் நினைவுக்கு வராது. விட்டுவிடுவோம்.

என் முன்மொழிவு: ஆலைத் தீச்சுவர். வாழைச்சேனையில் கடதாசி ஆலை, ஹிங்குரானையில் சீனி ஆலை, சம்மாந்துறைப் பக்கம் போனால் அரிசி ஆலைகள். சொல் ஏற்கெனவே வாயில் இருக்கிறது. தீயரண் என்று எழுதுவோரோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குத் தீச்சுவர் பழகிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம் என்பதே என் எண்ணம்.

'வெறும் தீச்சுவர் போதாதா, அடைமொழி எதற்கு?' என்று கேட்ட நண்பருக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆலையில் பி.எல்.சி.கள், அதாவது இயந்திரங்களை ஆளும் சிறு கணினிகள், பேசிக்கொள்ளும் மொழிகளில் பரவலானது மொட்பஸ். 1979இல் வந்தது. கடவுச்சொல் கேட்கும் வழக்கமே அதில் இல்லை. வலையமைப்புக்குள் நுழைந்தவர் எவரானாலும் கட்டளை இடலாம். சாதாரண அலுவலகத் தீச்சுவர், மொட்பஸ் வந்துபோகும் வாசலான 502ஆம் போர்ட்டைத் திறக்கும் அல்லது மூடும், அவ்வளவுதான். மூடினால் மேலாளரின் கணினிக்குக் கொதிகலனின் வெப்பநிலை தெரியாது. திறந்தால் அதே கணினியிலிருந்து அந்த வெப்பநிலையின் எல்லையையே மாற்றிவிடலாம்.

ஆலைக்கென்று செய்த பெட்டி செய்தியைப் பிரித்து உள்ளே பார்க்கிறது. 3 என்ற எண்ணோடு வந்தால் அது பதிவகத்தை, அதாவது பி.எல்.சி. அளவுகளை வைத்திருக்கும் இடத்தை, வாசிக்கும் கட்டளை, போகட்டும். 6 அல்லது 16 என்றால் எழுதும் கட்டளை. பொறியியலாளரின் கணினியிலிருந்து வந்தால் மட்டும் அனுமதி. இந்த வேலைக்குக் 'கட்டளை ஆய்வு' என்று தனிப்பெயர் வைக்கலாம். பெட்டியின் பெயரோடு இதைக் குழப்ப வேண்டாம்.

உடம்பும் வேறு. மின்பெட்டிக்குள் இருக்கும் 35 மில்லிமீற்றர் அகல உலோகத் தண்டவாளத்தில் பி.எல்.சி.க்குப் பக்கத்திலேயே மாட்டுவார்கள், 24 வோல்ற் நேரோட்ட மின்னில் ஓடும், பெரும்பாலும் விசிறி இருக்காது. நெல் ஆலைத் தூசியில் விசிறி வைத்த பெட்டி எத்தனை நாள் தாங்கும்?

இதோடு சேர்ந்து வரும் இன்னும் இரண்டு சொற்கள். ஆலைக் கட்டுப்பாட்டு அமைப்புகளின் பாதுகாப்புக்கான ஐ.ஈ.சி. 62443 தரநிலை, ஆலை வலையமைப்பை 'சோன்'களாகப் பிரித்து, அவற்றுக்கிடையே 'கொண்டியூட்' வழியாக மட்டும் போக்குவரத்தை விடச் சொல்கிறது. முதலாவதற்கு வலயம், கல்வி வலயம் என்று தினமும் சொல்கிறோம். இரண்டாவதற்கு 'கடத்துகுழாய்' என்றார் ஒருவர். குழாய்க்குள் என்ன போகிறது என்று யாரும் பார்ப்பதில்லையே. நான் வாய்க்கால் என்பேன். எங்கள் வயல்களில் வாய்க்காலால்தான் தண்ணீர் வரும், அதை எப்போது யாருக்கு விடுவது என்பதை வட்டவிதானை பார்த்துக்கொள்வார். வரம்பை வெட்டித் தண்ணீர் எடுப்பவன் அவரிடம் மாட்டுவான். தீச்சுவரின் இடமும் வாய்க்கால் வாயில்தான்.

> உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரிக்கும் நிலையத்தை ஆலை என்பீர்களா?

இதை அக்கரைப்பற்று நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். மாட்டேன். மின்நிலையத்தையும் அப்படிச் சொல்ல முடியாது. நல்ல அடி. 'கட்டுப்பாட்டுத் தீச்சுவர்' எல்லாவற்றையும் அடக்கும், ஆனால் எந்தத் தீச்சுவர்தான் கட்டுப்படுத்தாதது? படிப்பவர் அப்படித்தான் பொருள் கொள்வார். குறையோடு ஆலை என்பதையே வைத்துக்கொண்டு, வரையறையில் 'நீர், மின் நிலையங்களுக்கும் பொருந்தும்' என்று ஒரு வரி சேர்க்கலாம்.

தீராதது ஒன்று. இந்தப் பெட்டி பழுதானால் அலுவலகத்தில் வழியை அடைத்துவிடலாம். ஆலையில் சில இடங்களில் ஓட்டம் நிற்பதே ஆபத்து, அதனால் பழுதானாலும் போக்குவரத்தை விடும்படி அமைப்பார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் 'பழுதடைப்பு', 'பழுதுதிறப்பு' என்று எழுதிப் பார்த்தேன். இரண்டாவது நாக்கில் இடறுகிறது. வேறு ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
கல்லடியிலிருந்து