கார் டயர் கறுப்பாக நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

தாமுவே_தம்பி
எல்லோருக்கும் வணக்கம், யாங்கோன் தாமுவேயிலிருந்து எழுதுகிறேன். டயருக்கு ஷைன் அடித்தால் நிற்பதே இல்லை. அடித்த அன்றைக்குப் பளபள என்று இருக்கிறது, மறுநாளே பழுப்படித்துவிடுகிறது. கதவுப் பக்கமெல்லாம் வேறு கறுப்புப் புள்ளி. ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குக் கல்யாணம், பெண்ணை ஏற்றிப் போவது என் வண்டிதான். வீட்டிலேயே செய்கிற மாதிரி நல்ல வழி சொல்லுங்கள். சீக்கிரம்.

தன்லின்_ராஜி
என்ன வண்டி தம்பி? என்ன ஷைன்? ஸ்ப்ரேயா, ஜெல்லா, வெள்ளையாகப் பால் போல இருக்குமே அதுவா? அடிப்பதற்கு முன் டயரை எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள்? இது எதுவுமே தெரியாமல் என்னத்தைச் சொல்ல?

இன்செயின்_அண்ணாச்சி
கடை மருந்தே வேண்டாம். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து டயரைச் சுற்றி ஒரு இழுப்பு. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. நான் டாக்சி ஓட்டிய காலத்தில் ஸ்டாண்டில் எல்லோரும் இதைத்தான் செய்தோம். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல்.

ஒக்கலாப்பா_77
எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம். குழாய்க் கிணற்றுத் தண்ணீரா? எங்கள் பக்கம் வாளியில் பிடித்து வைத்தாலே அடியில் துருவாகப் படிகிறது, வெள்ளைச் சட்டை மஞ்சளாகிறது. டயரில் மட்டும் படியாதா? மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவிப் பாருங்கள், பழுப்பு போய்விடும்.

கராஜ்_குரு
மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியைப் போடுகிறார், மாதத்துக்கு ஒரு முறை நானும் இதையே எழுதுகிறேன். தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. சரி, கேளுங்கள். பழுப்பு வருவது தண்ணீரால் இல்லை, டயருக்கு உள்ளேயிருந்து. ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமல் இருக்க, தயாரிக்கும்போதே 6பிபிடி என்று ஒரு மருந்து சேர்க்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நெளிகிறது, அந்த மருந்தும் மெழுகும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகின்றன. மேலே வந்த மருந்து காற்றுப் பட்டுப் பழுப்பாகிறது. அதைத் தேய்த்து எடுக்காமல் மேலே ஷைன் அடித்தால் அழுக்குக்குத்தான் பளபளப்பு. இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் கார் வைத்திருக்கிறார்கள்.

ஒக்கலாப்பா_77
அப்படியென்றால் எங்கள் வீட்டு வாளி ஏன் பழுப்பாகிறது? அதிலும் 6பிபிடி இருக்கிறதா?

மோல்மேன்காரன்
அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் வீட்டில் ரப்பர்த் தோட்டம். ரப்பர்த் துண்டு ஒன்றை மண்ணெண்ணெயில் போட்டு இரவு முழுக்க வைத்து, காலையில் எடுத்து அமுக்கிப் பாருங்கள். ஊதிப் பெருத்து, விரல் வைத்தால் பள்ளம் விழும். டயரில் கொஞ்சமாகத்தான் படுகிறது என்பீர்கள். ஒவ்வொரு முறையும் ரப்பருக்குள் இருக்கும் மெழுகையும் மருந்தையும் அது கரைத்து எடுக்கிறதே. அன்றைக்குக் கறுப்பாகத்தான் தெரியும். அப்புறம் காய்ந்து, மெல்லிய கோடு கோடாக வெடிக்கும்.

இன்செயின்_அண்ணாச்சி
தோட்டத்து ரப்பர் வேறு, டயர் ரப்பர் வேறு தம்பி. டயரை ஆலையில் கந்தகம் போட்டு வேகவைத்திருக்கிறார்கள். என் டயர் ஒன்றுகூட வெடித்ததில்லை.

மோல்மேன்காரன்
வேகவைத்தால் கரையாது, அது சரி. ஊதத்தான் செய்யும். அந்தக் காலத்து டாக்சியில் டயர் வெடிப்பதற்கு முன்னால் தேய்ந்தே போயிருக்கும், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

தாமுவே_தம்பி
வெள்ளை டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார். ஸ்ப்ரே. பாட்டிலில் தாய் எழுத்து, படிக்கத் தெரியவில்லை. துணி துவைக்கிற பவுடரில்தான் கழுவுகிறேன். நேராக டயர் மேல் அடித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவேன். தண்ணீர் கார்ப்பரேஷன் தண்ணீர்.

கராஜ்_குரு
அடித்துவிட்டு அப்படியே கிளம்பிவிடுவாராம். கதவில் புள்ளி எப்படி வந்தது என்று கேள்வி வேறு.

தன்லின்_ராஜி
குரு, பையன் அக்கா கல்யாண அவசரத்தில் இருக்கிறான், விடுங்கள்.

தம்பி, நீங்கள் ஷைனைப் பற்றியே யோசிக்கிறீர்கள். வேலையில் முக்கால் பங்கு கழுவுவதில்தான் இருக்கிறது. சலவைப் பவுடர் மண்ணைத்தான் எடுக்கும், பழைய ஷைனின் சிலிகானை அவ்வளவாக எடுக்காது. கடையில் ஆல்-பர்பஸ் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். அலசிய டயரில் அதைத் தெளித்து ஒரு நிமிடம் ஊறவிட்டு, துணி துவைக்கும் நைலான் பிரஷால் தேய்க்க வேண்டும். கம்பி பிரஷ் கூடவே கூடாது. நிழலில் வைத்து, ஒரு சக்கரம் முடித்து அலசிய பிறகு அடுத்தது. கரண்ட் வந்தால்தான் பம்ப் ஓடும் என்று காத்திருக்க வேண்டாம், வாளித் தண்ணீரே போதும்.

நுரையைக் கவனியுங்கள். முதலில் கெட்டியான டீ நிறத்தில் வழியும். அலசிவிட்டு மறுபடி தெளித்துத் தேய்த்தால் வெளிறி வரும். நுரை வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். கழுவிக் காய்ந்த டயர் பளபளக்காது, மங்கலான கறுப்பாக இருக்கும். விரலால் தேய்த்தால் வழுக்காமல் பிடிக்க வேண்டும். வழுக்கினால் பழைய சிலிகான் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஈரம். இந்த ஆவணி மழையில் எல்லோரும் கோட்டைவிடுவது இங்கேதான். டயரில் எழுத்து புடைத்திருக்கிறதே, அந்த ஓரத்திலும் ரிம் விளிம்பிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். தெருவில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து துணியால் ஒற்றுங்கள்.

ஷைனை டயரில் நேராக அடிக்கவே அடிக்காதீர்கள். ப்ரோபாக்ஸுக்கு முன்னால் டிஸ்க் பிரேக், சிதறல் அதில் பட்டால் பிரேக் பிடிக்காது. தரையில் படும் பட்டன் பகுதியிலும் படக்கூடாது, வழுக்கும். ஸ்பாஞ்சில் கொஞ்சம் எடுத்து சைடுவாலில், அதாவது டயரின் பக்கவாட்டில், மட்டும் மெல்லியதாகத் தேயுங்கள். கால் மணி நேரம் கழித்து, மேலே நிற்கும் மிச்சத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அந்த மிச்சம்தான் சக்கரம் சுற்றும்போது தெறித்துக் கதவில் புள்ளியாகிறது, தூசியையும் இழுத்து ஒட்டவைக்கிறது. அப்புறம் இன்னொரு மெல்லிய பூச்சு. சனிக்கிழமை சாயங்காலமே முடித்துவிட்டு இரவு வண்டியை எடுக்காமல் வையுங்கள்.

மோல்மேன்காரன்
ராஜி அக்கா சொன்னதோடு ஒன்று. பாட்டிலில் இருப்பது எண்ணெய் போலத் தெளிவாக இருந்து பெட்ரோல் வாடை அடித்தால், கரைப்பானில் கலந்த சிலிகான். பளபளப்பு அதிகம், மழைக்கும் கொஞ்சம் தாங்கும், ஆனால் தெறிக்கும். பால் போல இருப்பது தண்ணீரில் கலந்தது. மினுமினுப்பு குறைவு, டயருக்குச் சாது, மழையில் சீக்கிரம் போகும். எதைப் பூசினாலும் நம் மழைக்கு மாதக்கணக்கில் நிற்காது. கிளிசரினைத் தண்ணீரில் கலந்து பூசச் சொல்வார்கள். முதல் மழையிலேயே கரைந்து ஓடிவிடும்.

பஸ்_நம்பர்_இல்லை
டயர் பழுப்புக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? தாமுவேயில் தெருவோரம் நிறுத்தினால் வருகிறவன் போகிறவன் எல்லாம் வெற்றிலைச் சாற்றை டயரில்தான் துப்புகிறான். முதலில் அதைப் பாருங்கள்.

இன்செயின்_அண்ணாச்சி
அதற்கும் மண்ணெண்ணெய் கேட்கும்.

கராஜ்_குரு
டயரைப் பளபளப்பாக்குவதே புரோக்கர் வேலை. ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியில் டயர் ஓரமெல்லாம் வெடித்திருக்கும், மேலே கெட்டியாக ஷைன் பூசி நிறுத்திவிடுவார்கள். வாங்குகிறவன் கறுப்பைப் பார்த்து ஏமாறுகிறான்.

ஒக்கலாப்பா_77
என் மச்சான் கார் புரோக்கர்தான். எல்லோரும் அப்படி இல்லை. கழுவித் துடைத்து விற்பது ஏமாற்றா? நீங்கள் கல்யாணத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுப் போவதில்லையா?

கராஜ்_குரு
கிழிந்த சட்டையை இஸ்திரி போட்டுப் புதுச்சட்டை விலைக்கு விற்றால் ஏமாற்றுதான். மச்சானிடம், டயர் எப்போது தயாரானது என்று சொல்லும் டாட் எண்ணைக் காட்டித்தான் விற்கிறாரா என்று கேளுங்கள்.

ஒக்கலாப்பா_77
கேட்டால் சொல்வார். குழாய்க் கிணற்றுக் கேள்விக்குத்தான் நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

தன்லின்_ராஜி
அந்தச் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் குரு சொன்ன எண் நல்ல விஷயம் தம்பி. சைடுவாலில் டாட் என்று ஆங்கிலத்தில் தொடங்கும் வரியின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். அது வெளிப்பக்கம் இல்லாவிட்டால் உள்பக்கம் குனிந்து பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் சாம்பல் பூத்தது போலவே இருந்தால் டயருக்கு வயதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தாமுவே_தம்பி
ராஜி அக்கா சொன்னபடி தேய்த்தேன். நுரை டீ நிறத்தில்தான் வந்தது, பிறகு வெளுத்தது. ஸ்பாஞ்சில் பூசினேன், புள்ளி விழவில்லை. எண் 3213. நன்றி, மண்டபத்துக்குக் கிளம்புகிறேன்.

மோல்மேன்காரன்
3213 என்றால் 2013இல் 32ஆவது வாரம். தம்பி, எவ்வளவு நன்றாக இருந்தாலும் 10 ஆண்டு தாண்டிய டயரை ஓட்டாதே என்றுதான் பல டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. சைடுவாலை அமுக்கிப் பாருங்கள், வெடிப்புத் தெரிகிறதா? நான்கும் அதே எண்ணா? ஸ்டெப்னி?

கராஜ்_குரு
பதில் வராது. ஷைன் அடித்தாகிவிட்டது இல்லையா.

பெகு_மணி
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் ஊரில் எல்லோரும் பைக்தான். இதே மருந்தை பைக் டயருக்கும் பூசலாமா?

தன்லின்_ராஜி
வேண்டாம் தம்பி. வளைவில் பைக் சாயும்போது டயரின் ஓரமும் தரையில் படும், அங்கே சிலிகான் இருந்தால் சறுக்கிவிடும். பைக் டயரைக் கழுவினால் போதும்.

இன்செயின்_அண்ணாச்சி
மண்ணெண்ணெயும் வேண்டாமா?

தன்லின்_ராஜி
அண்ணாச்சி!