சோலார் மானியம் யாருக்கு லாபம்?

சண்முகம் பெரியப்பா: கார்த்தி, மாடியில் சோலார் போட்டால் 78,000 ரூபாய் மானியம், இனி ஈபி பில்லே வராது என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். நம்பலாமா?

கார்த்தி: மானியம் உண்மைதான் பெரியப்பா. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். மீட்டர் மாட்டி முடித்த பிறகுதான் பணம் பேங்குக்கு வரும். இந்தியாவிலேயே தயாரான பேனலா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மானியம் கிடைக்காது. உங்களுக்கு எத்தனை யூனிட் வருகிறது?

சண்முகம் பெரியப்பா: ஏசி வாங்கியதிலிருந்து இரண்டு மாதத்துக்கு 600 தாண்டுகிறதப்பா

கார்த்தி: அப்படியென்றால் தாராளமாகப் போடுங்கள். நல்ல வெயிலில் 3 கிலோவாட் ஒரு நாளைக்கு 12 யூனிட் தரும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடுகிறது, அதற்குள் நின்றாலே பெரிய மிச்சம். தண்ணீர்த் தொட்டி நிழல் பேனல் மேல் விழாமல் பார்க்க வேண்டும்.

சாந்தி அத்தை: எங்களுக்கு 180தான் வருகிறது. நாங்களும் போடலாமா கார்த்தி?

கார்த்தி: வேண்டாம் அத்தை. 100 யூனிட் ஏற்கெனவே இலவசம், மீதிக்கு நீங்கள் கட்டுவது சொற்பம். போட்ட காசு எடுக்க வருஷக்கணக்காகும். இதுதான் எனக்கு ஆற்றாமை. சொந்த மாடியும், ஏசியும், கையில் பணமும் உள்ளவருக்கே மானியம் போய்ச் சேருகிறது. தமிழ்நாட்டின் 2019 சோலார் கொள்கையில் 2023க்குள் 9,000 மெகாவாட், அதில் 40 சதவீதம் மின்நுகர்வோரே தங்கள் இடத்தில் போடுவது என்றார்கள். கூரைகளில் வந்தது அதன் பக்கத்தில்கூட இல்லை.

மீனா: அண்ணா, எங்களை மாதிரி அபார்ட்மெண்டில் வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வது? மாடி எல்லாருக்கும் பொது

கார்த்தி: குடியிருப்போர் சங்கத்தின் பொது மின் இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு மீனா. லிஃப்ட், மோட்டார் செலவு குறையும், மெயின்டனன்ஸும் குறைய வேண்டும். ஆனால் உன் மீட்டரில் கழியாது. ஒரு மாடியில் விளைகிற மின்சாரத்தைப் பல வீட்டு பில்லில் பிரித்துக் கழிக்க டெல்லி 2019லேயே விதி போட்டது. எத்தனை பேனல் ஏறியது என்று மட்டும் கணக்குக் காட்டாமல், வாடகைக்காரர் பில் எவ்வளவு குறைந்தது என்றும் அரசு பார்க்கட்டும்.

சண்முகம் பெரியப்பா: சரி, கரண்ட் போனால் சோலாரில் ஃபேன் ஓடும்தானே?

கார்த்தி: ஓடாது பெரியப்பா. லைனில் கரண்ட் இல்லையென்றால் கொளுத்துகிற வெயிலிலும், பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படி. பேட்டரி வேண்டுமென்றால் தனிச் செலவு.

சண்முகம் பெரியப்பா: அவர் இதைச் சொல்லவே இல்லையே!

மீனா: நான் சங்கக் கூட்டத்தில் கேட்கிறேன் அண்ணா

கார்த்தி: கேள். பொது மீட்டரின் ஒரு வருஷ பில்லை எனக்கு அனுப்பு, எத்தனை கிலோவாட் போதும் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.