விமானப்படைத் தளத்தில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தவர்கள், உங்கள் அனுபவம்?

நான் முதலில் சொல்கிறேன். தனியார் கம்பெனி மூலமாக இங்கே சிங்கப்பூரில் ஒரு தளத்தில் ஓடுபாதைப் பரிசோதனை பார்த்தேன். எந்தத் தளம், எந்தக் கம்பெனி என்றெல்லாம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

முதல் விமானம் கிளம்புமுன் வண்டியில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகப் போய்க் கல், நட்டு, விளக்குக் கண்ணாடிச் சில்லு, செத்த மைனா என்று எது கிடந்தாலும் பொறுக்க வேண்டும், அதுவும் கட்டுப்பாட்டு டவர் அனுமதி கொடுத்தால்தான், 'வெளியே வா' என்றால் பாதியில் விட்டுவிட்டு ஓரம் கட்ட வேண்டும். ஒரு நட்டுக்கா இவ்வளவு அமர்க்களம் என்பவர்களுக்கு: 2000-ல் பாரிஸில் கான்கார்டு விழுந்து 113 பேர் செத்தது, முன்னால் போன விமானத்திலிருந்து கழன்று ஓடுபாதையில் கிடந்த தகட்டில் அதன் டயர் ஏறியதில் தொடங்கியது. அந்தத் தகடு அரை மீட்டர்கூட இல்லை. எஃப்-16 போர் விமானத்துக்கோ காற்று இழுக்கும் வாயே வயிற்றுக்கு அடியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

வேலை கஷ்டமில்லை. பரிசோதிப்பதும் பழுது பார்ப்பதும் ஒரே கம்பெனி, அங்கேதான் இடித்தது. நான் எழுதும் ஒவ்வொரு பழுதும் முதலாளிக்குச் செலவு. டாக்ஸிவேயில் (விமானம் ஓடுபாதைக்குப் போய்வரும் பாதை) கான்கிரீட் விளிம்பு பெயர்ந்திருக்கிறது என்று எழுதினால், "அண்ணே, 'கண்காணிப்பில் உள்ளது'ன்னு போடுங்க, அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறார் சூப்பர்வைசர். நான் உள்ளபடியேதான் எழுதினேன், அவர் முகம் மாறிப்போனது. மறுநாள் சார்ஜென்ட் வந்து குனிந்து விரலால் நெம்பினார், உள்ளங்கை அளவுத் துண்டு கையோடு வந்துவிட்டது. அங்கேயே ரேடியோவில் அந்தப் பாதையை மூடச் சொன்னார். மூடச் சொல்லும் அதிகாரம் அவருக்குத்தான், எனக்கு இல்லை.

—

அண்ணே, நான் சீருடைப் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் என்எஸ் (கட்டாய தேசிய சேவை) பையன்கள் இரண்டு வருஷத்தில் போய்விடுவார்கள். மழை பெய்தால் எந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், புல் வெட்டினால் பறவைகள் எந்தப் பக்கம் இறங்கும் என்பதெல்லாம் எங்கள் தளத்தில் பழைய காண்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான் அத்துப்படி. காண்ட்ராக்ட் கைமாறும்போது அவர்களையும் சேர்த்து அனுப்பிவிடுவார்கள் பாருங்கள், எனக்கு அதுதான் பயம்.

—

உண்மைதான். பரிசோதனையை ஒருவருக்கும் பழுதை வேறொருவருக்கும் கொடுத்தாலே பாதித் தலைவலி போய்விடும். விலை கூடும், கூடட்டுமே.