மலேசியாவில் ஆர்25, நம் ஊரில் ஆர்3: ஏன் இந்த வேறுபாடு?

கார்த்தி, தாம்பரம்:

கிள்ளானில் இருக்கும் என் மாமா மகன் யமஹா ஆர்25 பைக் வைத்திருக்கிறான். படத்தில் பார்த்தால் அச்சு அசல் ஆர்3 போலவே இருக்கிறது. நம் ஊரில் ஆர்15 இருக்கிறது, அதை விட்டால் நேராக ஆர்3. ஆர்25 இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஜெர்மனியில் படிக்கும் தோழி ஒருத்தி ஓட்டுவது ஆர்125. ஒரே நிறுவனம், ஒரே முகம், நாட்டுக்கு நாடு வேறு எஞ்சின். இப்போது 150 சிசி ஓட்டுகிறேன். அடுத்தது இரண்டு சிலிண்டர் வண்டிதான் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆர்25 வரும் என்று காத்திருக்கலாமா?

முருகையா, ஓசூர்:

காத்திருக்க வேண்டாம் தம்பி. ஆர்25-இன் 249 சிசி என்ற எண்ணே சட்டப் புத்தகத்திலிருந்து வந்தது. இந்தோனேசியாவில் 250 சிசியைத் தாண்டினால் 60 சதவீத ஆடம்பர வரி. அதனால் 2014-இல் ஆர்25 அங்கே அறிமுகமானது. அந்த எல்லை பொருட்படாத அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் மறு ஆண்டே 321 சிசி ஆர்3 போனது. ஐரோப்பாவின் ஏ2 என்ற இடைநிலை லைசென்ஸ் சிசியைக் கேட்பதில்லை. 35 கிலோவாட்டுக்குள் இருக்கிறதா, எடைக்கு ஏற்ற திறனா என்று பார்க்கிறது. 42 குதிரைத்திறன் உள்ள ஆர்3 அதற்குள் தாராளமாக அடங்கும்.

நான் பல காலம் சிலிண்டர் போரிங் வேலையில் இருந்தவன். இந்த இரண்டு எஞ்சின்களின் அளவுகளைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஆர்25-இன் போர் (சிலிண்டரின் உள் அகலம்) 60 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 44.1. ஆர்3-இன் போர் 68, ஸ்ட்ரோக் அதே 44.1. ஸ்ட்ரோக்கைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் அகலமாக்கி 70 சிசிக்கு மேல் எடுத்திருக்கிறார்கள். கவாசாகி எதிர்வழியில் போனது: நின்ஜா 250, 300 இரண்டிலும் போர் 62 மி.மீ.; ஸ்ட்ரோக்கைத்தான் 41.2-லிருந்து 49-க்கு நீட்டினார்கள். இரண்டுமே அழகான வேலை.

ஓட்டும்போது இதன் விளைவு தெரியும். ஆர்25-இன் உச்ச முறுக்குவிசை (டார்க்) 22.6 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 10,000 சுற்றில். ஆர்3-க்கு 29.6, 9,000 சுற்றில். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஏறுகிறவனுக்கு இந்த வேறுபாடு பெரிது.

உங்கள் தோழியின் வண்டியும் சட்டத்தின் பிள்ளைதான். ஐரோப்பாவின் தொடக்க நிலை ஏ1 லைசென்ஸுக்கு 125 சிசி, 11 கிலோவாட் என்பது உச்சவரம்பு. ஆர்125 சரியாக அந்த 11 கிலோவாட்டில் நிற்கிறது.

நம் நாட்டின் கோடு 350 சிசியில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. ஆகவே இங்கே 249-க்கும் 321-க்கும் வரி ஒன்றே. சிறிய எஞ்சினைக் கொண்டுவந்து யமஹாவுக்கு என்ன லாபம்? நின்ஜா 300 இங்கே இன்னும் விற்பதற்கும் காரணம் உண்டு. 2018-இல் பல நாடுகளில் நின்ஜா 400 அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. இங்கே 300-இன் பாகங்கள் உள்நாட்டில் செய்யப்படுவதால் விலை கட்டுப்படியாகிறது.

வரிக்காக எஞ்சின் மாறுவதை ஏற்றுக்கொள்கிறேன். ஏற்க முடியாதது வேறொன்று. 2015-இல் ஆர்3 இந்தியாவுக்கு வந்தபோது, பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இல்லை. ஐரோப்பாவில் அதே வண்டியில் இருந்தது. 125 சிசிக்கு மேல் ஏபிஎஸ் கட்டாயம் என்று அரசு விதித்த பிறகு, 2018-இல்தான் நமக்குக் கிடைத்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் சிக்கனம் பிடித்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்: 2017-இல் இந்தோனேசிய ஆர்15-க்குத் தலைகீழ் ஃபோர்க், மறு ஆண்டு நமக்குச் சாதாரண ஃபோர்க். பிரேக்கில் அப்படிச் செய்யக் கூடாது. மழையில் நனைந்த சாலை எல்லா நாட்டிலும் வழுக்கும்.

சரவணன், கிள்ளான்:

முருகையா அண்ணன் சொன்னதோடு எங்கள் நாட்டு விவரம். இங்கே பெரும்பாலோர் எடுப்பது பி2 லைசென்ஸ். அது 250 சிசி வரைதான். ஆர்3 ஓட்ட வேண்டுமென்றால் அடுத்த லைசென்ஸுக்குத் திரும்பவும் போக வேண்டும். அதனால்தான் ஆர்25, நின்ஜா 250, கேடிஎம் ஆர்சி 250 எல்லாம் இங்கே ஓடுகின்றன. ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் கோடு மறுபடி மாறும்: சிங்கப்பூரில் தொடக்க நிலை 2பி லைசென்ஸ் 200 சிசியோடு நின்றுவிடுகிறது.

நிவேதா, நகோயா:

ஜப்பானில் யமஹா ஆர்25, ஆர்3 இரண்டையும் விற்கிறது. 250 சிசி வரை ‘ஷாகென்’ என்ற கட்டாயச் சோதனை கிடையாது. அதைத் தாண்டினால் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் பணம் கட்டிச் சோதனைக்கு விட வேண்டும். சாதாரண லைசென்ஸின் எல்லை 400 சிசி. மற்ற நாடுகளில் நின்ஜா 400 இப்போது 500 ஆகிவிட்டது. இங்கே 400 தொடர்கிறது.

கார்த்தி, தாம்பரம்:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா, அப்படியானால் ஆர்3-ஐ எடுத்துவிடலாமா? 2023 டிசம்பரில் 4.64 லட்சம் என்றார்கள், மலைத்துப் போனேன்.

முருகையா, ஓசூர்:

அது இந்தோனேசியாவிலிருந்து முழு வண்டியாக இறக்குமதியாகிறது, அதனால் அந்த விலை. 2025 தொடக்கத்தில் 1.10 லட்சம் குறைத்தார்கள். இன்றைய விலையை ஷோரூமிலேயே கேளுங்கள். கேட்கும்போது முன் ஃபேரிங் (வெளிக்கவசம்), கிளட்ச் தட்டு, பிரேக் லீவர் இவற்றின் விலையையும், வர எத்தனை நாள் ஆகும் என்பதையும் எழுதி வாங்குங்கள். ஓட்டிப் பார்க்கும்போது நண்பன் ஒருவனைப் பின்னால் உட்கார வைத்து, மூன்றாம் கியரில் 5,000 சுற்றிலிருந்து இழுத்துப் பாருங்கள். அந்த இழுவை உங்களுக்குப் போதும் என்றால் எடுங்கள். விலைதான் உறுத்துகிறது என்றால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ஜா 300-ஐயும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.