ஆப்ல விலைய ஏத்தி விக்கது கூடுமா, கூடாதா?

தக்கலைவாசி:
அழகியமண்டபம் பக்கம் நம்மாளு ஒருத்தருக்க சின்னக் கடை. அங்க உக்காந்து தின்னா பீஃப் ஃப்ரை 120 ரூபா, டெலிவரி ஆப்ல அதே 160. கேட்டா கமிஷன் புடிக்கானுங்காரு. ஒரே சரக்குக்கு ரெண்டு விலை மார்க்கத்துல கூடுமா? எனக்கு மனசு ஒப்பல.

கடைக்காரன்_திருவிதாங்கோடு:
கூடும் காக்கா. 120க்கே போட்டு 25 சதவீதம் கமிஷன் போனா கையில 90. இறைச்சி, கேஸ், மாஸ்டர் கூலி, பார்சல் டப்பா எல்லாம் அதுக்குள்ள. 160 போட்டாத்தான் 120 நிக்கும். கமிஷன் மேல வாற 18 சதவீத ஜிஎஸ்டிய இன்னும் கழிக்கல. தரகு கொடுக்கது ஃபிக்ஹ்ல, அதாவது இஸ்லாமியச் சட்டத்துல, ஆகுமானது. விலை கண்ணு முன்னால தெரியுது, சம்மதிச்சுத்தான் வாங்குகான். குர்ஆன்ல அந்நிஸா அத்தியாயம் 29வது வசனம் கேக்கது அந்தப் பொருத்தத்தத்தான்.

தக்கலைவாசி:
கடையில 120ன்னு தெரியாதவனுக்க சம்மதம் என்ன சம்மதம்? 2022 ஜனவரி 1லேருந்து ஆப் சாப்பாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு, ஜிஎஸ்டி பதிவே இல்லாத கடையா இருந்தாலும். எல்லாம் வாங்குறவன் தலையிலதான விழுது?

கடைக்காரன்_திருவிதாங்கோடு:
முராபஹா வியாபாரத்துலதான் கொள்முதலயும் லாபத்தயும் திறந்து சொல்லணும். மத்த விற்பனையில அந்தக் கடமை இல்ல. வரியும் நான் வெச்சதில்ல.

பார்சல்_ஓட்டம்:
ரெண்டு பேரும் விலையிலேயே நிக்கீங்க. நான் டெலிவரி ஓட்டுறவன், அளவப் பத்திச் சொல்லுகேன். சில கடையில ஆப் ஆர்டர்னா தட்டுக்கு வைக்கிற துண்டு டப்பாவுக்கு வராது. முந்தின வாரம் விலைய ஏத்திட்டு, இந்த வாரம் "பாதி விலை"ன்னும் போடுகாங்க. நபி ரசூலுல்லாஹ் தானியக் குவியலுக்குள்ள கைய விட்டப்போ உள்ள ஈரம். மழையில நனைஞ்சதுன்னான் வியாபாரி. மக்கள் பாக்கும்படி அத மேல வெச்சிருக்கக் கூடாதா, மோசடி செய்றவன் என்னைச் சேர்ந்தவன் இல்லன்னாங்க. ஸஹீஹ் முஸ்லிம் ஹதீஸ் தொகுப்புல இருக்கு. ஆப்ல வாங்குறவன் குவியலுக்குள்ள கை விட முடியாது காக்கா. மூடின டப்பாவ நம்பிக் காசு கட்டுகான்.

கடைக்காரன்_திருவிதாங்கோடு:
அளவுல குறைச்சா ஹராம்தான், அதுல எனக்குத் தர்க்கமே இல்ல. தள்ளுபடி வேற கதை. அதுல சேருங்கன்னு ஆப்காரன் விடாம நெருக்குகான், சேரலேன்னா ஆர்டர் குறையும். சின்னக் கடைக்காரன் என்ன செய்வான்?

பார்சல்_ஓட்டம்:
சேருங்க, உள்ள விலையிலேருந்து குறைங்க. ஏத்திட்டுக் குறைக்காதீங்க. எத்தன கிராம்னு மெனுவுல எழுதுங்க.

கடைக்காரன்_திருவிதாங்கோடு:
கிராம் எழுதுகேன், அது நியாயம். 160 மட்டும் மாறாது.

தக்கலைவாசி:
அப்போ "கடையில 120"ன்னும் சேத்து எழுதுங்க. அது வரைக்கும் நான் கூடும்னு சொல்லமாட்டேன்.